மூன்றாவது சுவர்

மேடையின் நடுநாற்காலியில் வீற்றிருக்கும் எல்லையோரக் கட்டட விதிமுறைக் குழுவின் தலைவர் அவர்களே, அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் தாங்களும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் குழு உறுப்பினர்களே, கட்டடத் தொழிலாளர் சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் கணவரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் என் சம்பந்தியம்மா அவர்களே, அழுதழுது முகம் வீங்கிப்போன என் மருமகளே, மழை விட்ட மறுநாளே ஈரத்துணிகளைக்கூடக் காயப்போடாமல் வந்து கூடியிருக்கும் ஊர் மக்களே, உங்கள் எல்லோருக்கும் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் சார்பில் என் வணக்கம்.

சுருக்கமாகப் பேசுங்கள் என்று செயலாளர் தம்பி என் காதில் ஓதிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி, சூளைக்கு நெருப்பு வைத்துவிட்டு, சீக்கிரம் எரிந்து முடி என்று அதனிடம் சொல்ல முடியுமா? எனக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். அவர் எதனால் இறந்தார் என்று ஒருவராவது சொன்னாரா? எந்த இடத்தில் படுத்துக் கிடந்தபோது அவர் நெஞ்சில் சளி கட்டியது என்று ஒருவராவது வாயைத் திறந்தாரா? இல்லை! அந்த வேலையை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். மிக்க நன்றி. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் வையுங்கள், நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்குக்குண்டு மேஸ்திரி என்று இந்த ஊரே அழைத்த அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. என் மகனுக்கு அவர் மகளைக் கட்டியிருக்கிறோம், அது வேறு விஷயம். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு திரிந்தால் இருவருக்கும் ஏதோ புத்தி பிசகிவிட்டது என்றுதான் ஊர் பேசும். எங்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை.

என் சூளையிலிருந்து செங்கல் வண்டி போய் இறங்கினால் மற்ற மேஸ்திரிகள் எண்ணி எடுத்துக்கொள்வார்கள். இவர் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி, டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். பிடிக்கவில்லையென்றால் தெருவில் நாலு பேர் பார்க்கும்படி தூக்கி எறிந்துவிட்டு என்னைக் கேட்பார்.

“என்ன சம்பந்தியம்மா, இது செங்கல்லா பிஸ்கட்டா? டீயில தொட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே!”

நான் விடுவேனா?

“உங்க கலவைக்கு இது போதும். அதுல சிமெண்ட் இருக்குன்னு நீங்களே சத்தியம் பண்ணாத்தான் நம்ப முடியும்!”

என் மகனுக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்கார்ந்தாரா? இல்லை. சட்டைப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து என் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “ஒரு விரல் சாயுதே, யார் கட்டினது?” என்றார். பெண் வீட்டார் பேசுகிற முதல் பேச்சா இது? நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மாதான் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சிரிக்காதீர்கள். அந்தச் சுவர் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. உள்ளே போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது. அப்படி என் நிம்மதியைக் கெடுத்த மனிதர் அவர். படத்துக்கு முன்னால் அவருடைய கரண்டி இருக்கிறது, ரசமட்டம் இருக்கிறது, நூல்கண்டு இருக்கிறது. தூக்குக்குண்டைக் காணோமே என்று செயலாளர் தம்பி கூட்டம் தொடங்கும் முன்பே என்னைக் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் தம்பி, கிடைத்துவிடும்.

ஆனால் பிடிக்காதவர் வேறு, பகையாளி வேறு. எனக்குப் பிடிக்காதவர் படமாகி மாலைக்குள் இருக்கிறார். என் பகையாளி யார் என்பதற்கு இப்போது வருகிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருக்கள் எல்லாம் முள்வேலியில் போய் முடிகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. நாங்கள் அதைக் கோடு என்போம். கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கென்று தனி விதிகள். புதிதாக வீடு கட்டக் கூடாது. மாடி எழுப்பக் கூடாது. கோட்டைப் பார்த்து ஜன்னல் வைக்கக் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், அதுவும் அனுமதி வாங்கி, ஒரு சமயத்தில் ஒரு சுவரைத்தான் இறக்கிக் கட்டலாம். மற்ற மூன்றும் மார்பளவுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மூன்று சுவர் நின்றால் அது வீடு. இரண்டுதான் நிற்கிறது என்றால் அது வெற்று நிலம். வெற்று நிலத்தைச் சுற்றி முள்வேலி வந்துவிடும், அப்புறம் அது யாருடைய வீடாகவும் இருக்காது.

இந்த விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். ஆனால் இதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருக்களில் நடந்தவர் யார்? அளவு நாடாவை இழுத்து இழுத்து, ஒரு கல் கூடினால் இடி, ஒரு கல் குறைந்தால் எழுது என்றவர் யார்? மேடையில் பாருங்கள், தெரியும்.

ஊரில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன. வீடுகள் மட்டும் வளரக் கூடாதாம்! அப்போதுதான் மேஸ்திரி ஒரு வேலைமுறை கண்டுபிடித்தார். ஒரு சுவருக்கு அனுமதி வாங்குவார். பழைய சுவருக்கு வெளியே ஒரு செங்கல் அகலம் தள்ளி நூல் கட்டுவார். அடுத்த வருஷம் அடுத்த சுவர். இப்படி நாலு சுவரும் சுற்றி வந்து, மறுபடியும் முதல் சுவருக்கு வரும்போது வீடு கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். “கோடுதான் நகரக் கூடாது சம்பந்தியம்மா, சுவரு நகரலாம்” என்பார். என் மகனும் மருமகளும் படுக்கிற அறை அப்படி வந்ததுதான். அதை இவ்வளவு பேர் முன்னால் சொல்லலாமா என்று மருமகள் கண்ணால் கேட்கிறாள். சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபமும் அப்படி வந்ததுதான்!

என்ன, தலைவர் அவர்களே, தண்ணீர் வேண்டுமா? அந்த மூன்றாவது தூண் தெரிகிறதா? இது தீவனக் கிடங்காக இருந்தபோது அதுவரைக்கும்தான் இடம். குழுவுக்கு அலுவலகம் வேண்டும், கூட்டம் போட மண்டபம் வேண்டும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பியது யார்? “உங்க முறையிலயே, பழுது பாக்குற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா” என்று சொன்னது யார்? அவர் தள்ளிக் கட்டிய சுவருக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெளியே போய் அதே மாதிரிச் சுவர்களை இடிக்கச் சொன்னீர்களே, எந்த வாயால் சொன்னீர்கள்?

கை தட்டாதீர்கள், இது இரங்கல் கூட்டம். எனக்கும் தெரியும்.

தையல்கார அக்கா எங்கே? அதோ. அக்கா வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே பக்கம் கோட்டுப் பக்கம்தான். ஜன்னல் வைக்க விதி விடாது. ஊசியில் நூல் கோக்கத் தெருவுக்கு ஓடி வருவார். மேஸ்திரி அந்தச் சுவரை இறக்கிக் கட்டினார், கட்டும்போது நடுவில் ஒன்று விட்டு ஒன்று செங்கல்லை வைக்காமல் விட்டார். வெளிச்சம் கொட்டியது. குழுத் தலைவர் வந்தார்.

“என்னய்யா இது ஓட்டை?”

“வேலை முடியலீங்க ஐயா.”

“எப்ப முடிப்பே?”

“கலவை காயட்டும் ஐயா.”

அடுத்த வருஷமும் வந்தார். அதே கேள்வி, அதே பதில். ஜன்னல் வைக்கக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது, முடியாத வேலைக்கு விதி இல்லை. அக்கா அந்த வெளிச்சத்தில்தான் இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்தார். அந்தக் கலவை இன்றுவரை காயவில்லை! காயவும் காயாது!

இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் சுவர் நகர்த்திக் கொடுத்தவர், தன் வீட்டைத் தொடவே இல்லை. தொழில்காரன் வீடு எப்போதும் கடைசிதான். கோட்டுப் பக்கத்துச் சுவர் உப்புப் பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. இந்த வருஷம்தான் அதற்கு அனுமதி வாங்கினார், இறக்கினார். அடித்தளத்தைத் தோண்டியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. தோண்டிய குழியில் தண்ணீர் நின்று, பக்கத்துச் சுவரின் கால் இளகி, அதுவும் சாய்ந்து விழுந்தது. சம்பந்தியம்மா அந்த நேரம் குழாயடியில் இருந்ததால் உயிரோடு நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

மேஸ்திரி நேராகத் தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன், அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

“ஐயா, ரெண்டாவது சுவரும் விழுந்துருச்சு. அதுக்கும் சேத்து ஒரு அனுமதி குடுங்க.”

“ஒரு சமயத்துல ஒரு சுவர்தான்யா. முதல் சுவரை முடி, அப்புறம் வா.”

“மழையில எப்படிங்க கலவை நிக்கும்? ஒரு தார்ப்பாயாவது கட்டிக்கிறேன்.”

“கட்டிக்கோ” என்றார் தலைவர். பெருந்தன்மை! நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். மறுநாளே குழுவின் ஆள் வந்து நின்றான். நாலு கம்பு நட்டுக் கூரை போட்டால் அது புதுக் கட்டுமானமாம், பிரித்துவிடச் சொன்னாராம் தலைவர். மழையில் நின்றுகொண்டு மேஸ்திரியும் சம்பந்தியம்மாவும் முடிச்சை அவிழ்த்தார்கள்!

இதற்கு என்ன பெயர்? விதியா? நீங்களே சொல்லுங்கள், இதற்கு நம் மொழியில் வேறு பெயர் இல்லையா?

எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஆயிரம் சண்டை இருந்தாலும் சம்பந்தி, நனைய விடுவேனா? அவர் வரவில்லை.

“நான் அங்க வந்து படுத்தா, ஆள் இல்லாத வீடுன்னு எழுதிருவாங்க சம்பந்தியம்மா. நான் நகந்தா வீடு போச்சு. அவ எங்க போவா?”

மிச்சமிருந்த இரண்டு சுவர் சேரும் மூலையில், தொங்கிக்கொண்டிருந்த கூரைத் துண்டின் கீழே புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். சும்மாவும் இருக்கவில்லை. புதுச் செங்கல் கொண்டுவந்தால் அதற்கும் தனி அனுமதி கேட்பார்கள், விழுந்த கல்லைத் திருப்பி வைத்தால் யாரும் கேட்க முடியாது. அதனால் இடிந்து கிடந்த குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த பழைய கலவையைக் கொத்திச் சுத்தம் செய்து அடுக்கிவைத்தார்கள். மழை விட்ட உடனே கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை.

நான் சோறு கொண்டுபோன ஒரு நாள் ஒரு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுகூட உடையல சம்பந்தியம்மா. சுவரே விழுந்திருக்கு, ஒரு கல்லு உடையல. கலவைதான் விட்டுருச்சு. நல்ல செங்கல்லு.”

அந்த வீட்டுச் செங்கல் என் சூளைச் செங்கல். எத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரோடு மல்லுக்கட்டியிருப்பேன்! கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதர் என்னை மெச்சினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி எதைக் கொண்டுவந்தோம் என்று உங்களுக்குத் தெரியும்.

இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

தலைவர் தன் உரையில் என்ன சொன்னார்? மேஸ்திரி என் சகோதரர் போன்றவர் என்றார். உங்கள் கூடப்பிறந்தவர்களுக்காக நான் பரிதாபப்படுகிறேன் ஐயா! இன்னொன்றும் சொன்னார். மேஸ்திரியிடம் தொழில் கற்ற கொத்தனார்கள் ஒருவர்கூட இந்தக் கூட்டத்துக்கு வரவில்லையே, நன்றி கெட்டவர்கள் என்று வருத்தப்பட்டார். மேஸ்திரிக்கு மரியாதையாக இன்று ஊரில் எங்கும் கட்டட வேலை நடக்காது, கொத்தனார்களுக்கெல்லாம் விடுமுறை என்று அறிவித்ததே அவர்தான். விடுமுறை கொடுத்தும் வரவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை. நியாயம்தான். என் மகனையே காணோம், பாருங்கள். கொத்தனார், அதுவும் சொந்த மருமகன், மாமனாரின் கூட்டத்துக்கு வரவில்லை. பெற்றவள் நான் என்ன பதில் சொல்வேன்?

ஆனால் இந்தக் கூட்டம் ஏன் இன்று? நேற்று மாலைதானே மழை விட்டது? தரை காயட்டும், ஒரு வாரம் போகட்டும் என்று நான் கேட்டேன். இல்லை, இன்றே வைக்க வேண்டும் என்றவர் தலைவர். கூட்டம் முடிந்த கையோடு மேஸ்திரி வீட்டுக்குப் போய் அளந்துவிட வேண்டும் என்றும் அவரேதான் சொன்னார். காலையிலிருந்து அந்த அளவு நாடா அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கிறது. மாலை போடக் குனிந்தபோது எல்லோரும் பார்த்தோமே! இரண்டு சுவர் என்று எழுதி, வெற்று நிலம் என்று கையெழுத்துப் போட்டு, பொழுது சாய்வதற்குள் சம்பந்தியம்மாவைத் தெருவில் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மாலை, ஒரு சகோதரப் பேச்சு! ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு அவர் வீட்டையும் புதைக்க வருகிறவர், வழியில் நம்மிடம் அழுதுவிட்டுப் போக வந்திருக்கிறார்.

என்ன சொல்கிறீர்கள்? “போதும், முடிங்கம்மா” என்கிறாரா தலைவர்? கேட்டீர்களா? ஐயா, உட்காருங்கள். மௌன அஞ்சலி முடியும் வரை யாரும் இடத்தை விட்டு எழுந்து போகக் கூடாது, அது இறந்தவருக்குச் செய்கிற அவமரியாதை என்று கூட்டத்தின் தொடக்கத்தில் சொன்னவர் நீங்கள். விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே? உட்காருங்கள். கடிகாரம் ஓடட்டும், அதன் வேலை அது.

மேஸ்திரியைப் புகழ்ந்து நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புகழ்ந்தால் மாலைக்குள்ளிருந்து முறைப்பார். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவர் வாயாடி, வீம்புக்காரர், யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைக் குறை சொல்லாமல் வந்ததில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு வீட்டையும் மூன்று சுவருக்குக் கீழே போக விட்டதில்லை. யார் சுவர் இளகினாலும், கூலி என்ன, நேரம் என்ன என்று கேட்காமல் கரண்டியோடு போய் நின்றார். அவர் சுவர் விழுந்தபோது மழை நம்மையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டது. அவருக்காகக் கரண்டி எடுக்க ஒரு நாள்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கிடைத்தது.

எல்லோரும் திரும்பிப் பின்வாசலைப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டே அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நிற்பது என் மகன். முழங்கை வரை சேறு, பார்த்தீர்களா? மாமனாரின் கூட்டத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறான். உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, வணக்கம் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று எனக்குக் காட்டுகிறான்!

தலைவர் அவர்களே, உரிமையாளர் இறந்தால் பழுதுபார்க்கும் அனுமதி எப்போது முடிகிறது? உங்கள் விதியைத்தான் கேட்கிறேன். குழுத் தலைவர் நேரில் வந்து அளக்கும் வரை அது செல்லும். முதல் சுவருக்கு மேஸ்திரி வாங்கிய அனுமதி இந்த நிமிஷம் வரை உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இன்னும் அளக்கவில்லை. என் பேச்சைக் கேட்டுக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். ஊரில் எங்கும் வேலை நடக்கக் கூடாது என்று விடுமுறை விட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் எல்லாக் கொத்தனார்களும் ஒரே வீட்டுக்குக் கிடைத்தார்கள். அங்கே அவர்கள் செய்தது வேலை இல்லை ஐயா, அஞ்சலி. அந்த உதவிக்கு உங்களுக்கு என் நன்றி!

செயலாளர் தம்பி, தூக்குக்குண்டு கிடைத்துவிட்டது. விடியற்காலையில் சம்பந்தியம்மாதான் அதை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ஒரு விரல்கூடச் சாயக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். அவர் தட்டிப் பார்த்து அடுக்கிவைத்த செங்கல், அவர் குண்டு, அவர் பழக்கிய கைகள். இது சம்பந்தியின் சுவர்தான்.

சம்பந்தியம்மா, அழாதீர்கள். எழுந்திருங்கள், வீட்டுக்குப் போகலாம்.

ஊர் மக்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். நாம் எடுக்கும் உறுதி இதுதான். இந்த ஊரில் எவர் வீட்டையும் இனி பொழுது சாயும் வரை இரண்டு சுவரோடு நிற்க விடமாட்டோம். ஒருவர் சுவர் விழுந்தால் எல்லோர் வேலையும் நிற்கும், எல்லோர் கரண்டியும் அங்கே போகும். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வார்கள். நிற்போம், ஆனால் இங்கே வேண்டாம். அந்தச் சுவரின் முன்னால் போய் நிற்போம், எல்லோரும் வாருங்கள்.

தலைவர் அவர்களே, இப்போது நீங்களும் எழுந்திருக்கலாம். நாடாவை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுவர் இருக்கிறது, நன்றாக எண்ணிப் பாருங்கள். மூன்றாவது மட்டும் இன்னும் ஈரமாக இருக்கும். மேலே கை வைக்காமல் அளங்கள்.